பூச்சிய அடி

அக்கா கணக்குப் படித்தது ஓர் இரும்புக் கம்பில்.
துருசுக்குப் பக்கத்தில் நட்டிருந்தது,
வெள்ளை பூசி, அடிக்கு அடி கறுப்புக் கோடு.
ஐயா காய்ச்சலில் கிடந்த வருசம்
குயினைனைக் கரைத்துப் பருக்கிவிட்டு
விடியமுன்னம் கட்டால் நடந்துபோய்
தண்ணி எத்தனை அடி என்று பார்த்து
திணைக்களத்துக் கொப்பியில்
ஐயாவின் கையெழுத்தில் எழுதுவாள்.
கதிராசிக்கு அப்போது பதினொரு வயது.
எனக்கு ஒன்பது. பள்ளிக்கூடம் எனக்குத்தான்.

ஆவணியில் தண்ணி கடைசிக் கோட்டையும் விட்டு இறங்கியது.
கொப்பியில் பூச்சியம் போட்டாள்.
போட்டுவிட்டுக் கட்டில் குந்தியிருந்தாள், வெயில் ஏறும்வரை.
பூச்சியத்துக்குக் கீழே
இடுப்பளவு தண்ணி கிடந்தது,
எருமை கிடந்தது, விரால் புரண்டது.
"தம்பி, இது இல்லை எண்டதில்லை.
துருசின்ர வாய்க்கு எட்டேல்லை. அவ்வளவுதான்."
நான் கரப்பு எடுக்க ஓடினேன்.

கொப்பியின் கடைசித் தாளில் ஓர் அட்டவணை:
இத்தனை அடிக்கு இத்தனை ஏக்கர் வயல்.
யாரோ ஒரு துரை முப்பது வருசம் முந்தி
அளந்து வைத்துவிட்டுப் போனது.
வெடித்த சேற்றில் அக்கா இறங்கினாள்.
கையில் மாட்டுக்கயிறு, முழத்துக்கொரு முடிச்சு.
அலைகரையைச் சுற்றி மூன்று கிழமை.
குளத்தைத் தோசை தோசையாய் வெட்டி
மனதுக்குள் அடுக்கினாள்.
மேல் தோசைக்கு ஒன்று, அடித் தோசைக்கு ஒன்று,
நடுவிலுள்ளதற்கு நாலு பங்கு மதிப்பு,
எல்லாவற்றையும் கூட்டி ஆறால் பிரி.
சருவச் சட்டியில் கொத்தால் தண்ணி அளந்து பார்த்தாள்:
சரி. ஏன் சரி என்று தெரியாது.
அந்த வழிக்கு ஏற்கெனவே ஒரு பேர் இருந்ததாம்.
பிறகொருநாள் யாழ்ப்பாணத்திலிருந்து எழுதினாள்:
'என்ர மாட்டை அடுத்த ஊர்ப் பட்டியில்
வேறொருவன் குறி சுட்டுக் கண்டதுபோல இருந்தது.'

பங்குனியில் சிறுபோகக் கூட்டம்.
அட்டவணைப்படி அறுபது ஏக்கர்.
பெண்டுகள் பக்கமிருந்து எழும்பி
நாற்பத்தொன்று என்றாள் கதிராசி.
சேறு ஏறிப் போச்சு, குளம் முந்தின குளமில்லை.
வட்டவிதானையார் சிரித்திருந்தாலும் பரவாயில்லை.
வெற்றிலையைத் துப்பிவிட்டு
"அறுபது" என்று எழுதச் சொன்னார்.

குடலைப் பருவத்தில்
கடைக்கோடி வயல்கள் நின்றபடி காய்ந்தன.
கரிநாக்கு என்றார்கள்.
அம்மா இரண்டு மாதம்
இருட்டினபிறகுதான் கிணற்றடிக்குப் போனாள்.
காய்ந்ததை அக்கா போய் அளந்தாள். பதினெட்டே முக்கால்.
அன்றைக்குத்தான் அழுதாள்,
கால் ஏக்கர் எங்கே பிழைத்தது என்று.

என்னை விடுதியில் சேர்க்க
இரண்டு எருமை விற்றிருந்தார் ஐயா.
கணக்கில் நான் நூற்றுக்கு ஏழு.
கட்டின காசு திரும்பாது என்றார்கள்.
வேண்டுமானால் அதே மிசனின் பெண்கள் பள்ளிக்கு
வீட்டிலிருந்து வேறொரு பிள்ளையை அனுப்பலாம்.
அப்படித்தான் மாங்குளத்தில்
மெயில் ரயில் ஏறினாள் அக்கா,
என் ட்ரங்குப் பெட்டியோடு.
மூடியில் என் பேர். அவள் சுரண்டவில்லை.

பெண்பிள்ளைகளுக்குத் தாவரவியல் போதும் என்றாராம் அதிபர்.
மேல்கணிதத்துக்குத் தெரு கடந்து
பொடியன்களின் வகுப்புக்குப் போனாள்.
பின்வரிசை. இடையில் ஒரு வாங்கு வெறுமையாய்.
'நாலு பேர் இருக்கலாம் அதில்,' என்று கடிதம்,
'வருசம் முழுக்க ஒருவரும் இருக்கவில்லை.
முதல் மாதம் அவமானமாய் இருந்தது.
இப்போது புத்தகங்களைப் பரப்பி வைக்கிறேன்.'

லண்டன் சோதினை முடிவு வந்தபோது
பேருக்கு முன்னால் 'திரு' என்று இருந்தது.
திருத்தச் சொல்லி எழுதவா என்று கேட்டேன்.
'முத்திரைக் காசு வீண்.'

துருசு இப்போது என் பொறுப்பில்.
பெருக்கல் இன்னும் எனக்கு வராது,
கோடு பார்க்கத் தெரியும்.
நேற்றுக் கொப்பியில் பூச்சியம் போட்டேன்.
பக்கத்தில், பென்சிலால்,
'விரால் இருக்கு.'
மத்தியானம் ஓவசியர் வந்து
அதை அழித்துவிட்டுக் கையெழுத்து வைத்தார்.